இறங்காத நாள்

மாசிக் கடைசி. வாடை விட்டு ஒரு கிழமை.
பருத்தித்துறை முனையில், வெளிச்சவீடு தாண்டி,
முருகைக்கல் கரையில் இரண்டு சிலிண்டர்.
பக்கத்தில் நாங்கள்.

றெக்சன் போனைப் பார்த்து வாசிக்கிறான்:
அலை முக்கால் மீற்றர். இடைவெளி பதினொரு செக்கன்.
"பால் மாதிரிக் கிடக்கு, செலின். பெல்ட்டைக் கட்டு."

எனக்கு அந்தப் பதினொன்றுதான் பிடிக்கவில்லை.
உயரம், அலை கரைக்குக் காட்டுகிற முகம்.
இடைவெளியோ
அது எங்கே கிளம்பி
எவ்வளவு பாரத்தோடு வருகிறது என்கிற கணக்கு.
குட்டையாய் வருகிறதெல்லாம் மெலிந்ததல்ல.

இருபது நிமிசம் என்றேன்.
ரப்பர் உடுப்புக்குள் இருபது நிமிசம்
சும்மா இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்
அது எத்தனை மணித்தியாலம் என்று.

எண்ணினேன்.
ஆறு சின்னன். ஒரு நடுத்தரம்.
பிறகு ஒன்றுமேயில்லை,
சொல்ல வந்ததைக் கடல் மறந்துவிட்டதுபோல.
இந்த ஒன்றுமில்லாத நேரத்தில்தான்
சனம் செருப்பைக் கழற்றுகிறது.

பாரில் ஒரு வாய் உண்டு. இரண்டு ஆள் அகலம்.
போவதும் அதால்தான், வருவதும் அதால்தான்.
குடித்து முடித்த செவ்விளநீர்க் கோம்பையை
அதற்குள் எறிந்தேன்.
நின்றது. ஒருமுறை சுற்றியது.
பிறகு யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல
வெளியே நடந்தது,
நேரே அல்ல, ஜெட்டிப் பக்கமாய்ச் சரிந்து.

"வெளிய இழுக்குது."
"போகேக்க சுகம்தானே."
"போகேக்க."

பதினாலாம் நிமிசம் வந்தன,
நாலு.
முதலாவதைப் பார்த்து றெக்சன் சிரித்தான்.
மூன்றாவது பாரின் வாயை மூடியது.
வெள்ளை. வேறொன்றும் தெரியவில்லை.
தண்ணீர் திரும்ப இறங்குகையில்
கல்லிடுக்கெல்லாம்
பல்லுக் கூசினவன் காற்றை உறிஞ்சுகிற சத்தம்.

"அது போயிட்டுதே. இனிப் பத்து நிமிசம் இருக்கு, ஓடி இறங்கலாம்."

இறங்கலாம்.
ஐம்பது நிமிசம் கழித்து, காற்று முடிகிற நேரம்,
தலையை வெளியே நீட்டிக் கரையைத் தேடுகிறபோது
அலைகளின் முதுகுதான் எங்களுக்குத் தெரியும்.
முதுகில் எல்லா அலையும் ஒரே உயரம்.
எது உடைக்கும், எது தூக்கி வைக்கும் என்று
கரையில் நிற்கிறவனுக்குத்தான் வெளிச்சம்.
கரையில் நிற்க எங்களிடம் மூன்றாம் ஆள் இல்லை.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
"இல்லை" என்று மட்டும் சொன்னேன்.
அவன் முகமூடியைக் கழற்றி
தேவைக்கு அதிகமாய் நேரமெடுத்துத் துடைத்தான்.

சிலிண்டர் வாடகை திரும்பாது.
ஓட்டோக்காரன் ஈரமில்லாத எங்கள் தலைமயிரைப் பார்த்து
ஒன்றும் கேட்காமல் மீற்றரைப் போட்டான்.

மத்தியானம் இரண்டு மணிக்கு
றெக்சன் ஒரு படம் அனுப்பினான்.
அதே இடம். கண்ணாடி.
பாரின் வாயில் ஒரு சிறுவன்
இடுப்பளவு தண்ணீரில் நின்று
கையை ஆட்டுகிறான்.
படத்துக்குக் கீழே ஒரு சொல்லும் இல்லை.

இறங்கின நாளுக்கு ஈரம் சாட்சி. காயம் சாட்சி.
இறங்காத நாளுக்கு யார் வருவார்?
நான் சரியோ, வெறும் பயமோ,
கடல் ஒருநாளும் திருத்தித் தராத விடைத்தாள் இது.

குறிப்புக் கொப்பியைத் திறந்தேன்.
ஆழம்: பூச்சியம். நேரம்: பூச்சியம்.
நீர்த் தெளிவு என்ற இடத்தில் ஒரு கோடு.
அறை மூலையில் இருநூறு பார் காற்று,
யாருடைய மூச்சும் ஆகாமல்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
சிறுவனின் முழங்கையருகே தண்ணீர்
ஜெட்டிப் பக்கமாய்க் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது.
அல்லது நான் அப்படிப் பார்க்க விரும்புகிறேன்.

பதில் போட்டேன்:
"வெள்ளி விடிய அஞ்சரை.
தம்பியையும் கூட்டிக்கொண்டு வா, கரையில் நிக்கட்டும்.
இளநி நான் வாங்கிறன்."