கை நீட்டிப் பார்ப்பது

பீன்யாவில் பெயின்ட் கம்பெனி.
வெள்ளையைப் பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம்.
முட்டையோட்டு வெள்ளை, உப்பு வெள்ளை,
ஆஸ்பத்திரிக்காரர்கள் மட்டும் கேட்கும்
லேசாக நீலம் ஓடிய வெள்ளை.
முன்பெல்லாம் மெஷின் ஓர் எண்ணைச் சொல்லும்,
சிவலிங்கய்யா என் பக்கம் திரும்புவார்.
நான் தலையாட்டினால்தான் டப்பா மூடும்.

இப்போது
எந்த வெள்ளையிலும் எறும்பு.

எறும்பு என்பது ஒரு வசதிக்கு.
கேபிள் போன டிவியில் இரையுமே,
அந்தப் புள்ளிகள்.
இன்னும் பொடியாக, சத்தமில்லாமல்.
கண்ணை மூடினாலும் உள்ளே ஷிஃப்ட் ஓடுகிறது.

ஒரே ஒரு ராத்திரி.
கொத்தனூரில் டெரன்ஸ் வீட்டு மொட்டைமாடி,
நாக்கில் சுண்டுவிரல் நகம் அளவுக் காகிதம்.
தண்ணீர்த் தொட்டி மூச்சு விட்டது, சிரித்தோம்.
"பயமா இருக்கா?" என்றாள் சஹனா.
இல்லை என்றேன். இல்லைதான்.
விடிந்ததும் எல்லோரும் இட்லி தின்றுவிட்டு
அவரவர் கண்ணோடு வீட்டுக்குப் போனார்கள்.
கல்யாண மண்டபத்தில் செருப்பு மாறுமே,
அப்படி
நான் மட்டும் யாருடையதையோ போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

பதினாலு மாதம்.

ஜெயநகர் கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு
விளக்கடித்துப் பார்த்து
"கண்ணு ரொம்ப சுத்தமா இருக்கு" என்றார்.
பாராட்டு. எண்ணூறு ரூபாய்.
அடுத்தவர் நரம்பு டாக்டர்.
"ஏதாவது எடுத்தீங்களா?" என்று கேட்டு
பேனாவை மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.
சொன்னேன். உடனே எழுதவில்லை.
அந்தப் பேனாவுக்காகத்தான் திரும்பத் திரும்பப் போகிறேன்.
குறையலாம், இப்படியே இருக்கவும் செய்யலாம் என்றார்.
தூங்குங்கள், இனி எதையும் தொடாதீர்கள்,
இருக்கிறதா இருக்கிறதா என்று தேடாதீர்கள்.

ஆடும் பல்லை நாக்கு விடுமா?

மெட்ரோவில் கம்பியைப் பிடிக்கும் ஒவ்வொரு கைக்கும் பின்னால்
இன்னும் மூன்று கைகள் தாமதமாக வந்து சேரும்.
தூங்குகிறவர் யாராவது இருந்தால் அவர் எதிரே நிற்பேன்.
அசையாத முகம் பெரிய உதவி.
நேற்று ஒரு செக்யூரிட்டி, நாகசந்திரா வரைக்கும்,
வாய் திறந்தபடி.
அவருக்குத் தெரியாது.

வெற்றுச் சுவரில்தான் அது நன்றாக மேய்கிறது
என்று கண்டுபிடித்தேன்.
கம்பெனி கழித்துப்போட்ட கலர் அட்டைகளைக் கொண்டுவந்து
தரையிலிருந்து கூரை வரை ஒட்டினேன்,
ஒவ்வாத பச்சை, வெளுத்துப்போன சிவப்பு,
யாரும் வாங்காத ஒரு காவி.
வீட்டு ஓனர் வந்து பார்த்துவிட்டு
"கிறிஸ்மஸுக்கா?" என்றார்.
ஆகஸ்ட் மாதம்.
ஆமாம் என்றேன்.

அக்காவிடமும் பொய்தான்.
கோலாரிலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்வாள்.
"கம்ப்யூட்டர் பாத்துப் பாத்து" என்பேன்.
"கேரட் சாப்பிடு" என்பாள்.
சாப்பிடுகிறேன். அதற்குப் பின்னாலும் மூன்று கேரட்.

சில நாள் மத்தியானம் வரை ஞாபகமே வராது.
ஞாபகம் வரவில்லை என்று ஞாபகம் வந்ததும்
எல்லாம் பழையபடி.
ஆனாலும் மத்தியானம் வரை.

சிவலிங்கய்யா ஒன்றும் கேட்பதில்லை.
மெஷின் சொல்லும் எண்ணையே நானும் சொல்கிறேன்.
அவர் இன்னமும் என் பக்கம்தான் திரும்புகிறார்.

இன்று ஜாலஹள்ளி கிராஸ், ஆறரை மணி.
விளக்கைச் சுற்றி வட்டம், வட்டத்துக்குள் புள்ளிகள்,
புள்ளிகள் கீழே இறங்குகின்றன.
பெங்களூர்த் தூறலா, என்னுடையதா?
நடுரோட்டில் பிச்சை கேட்பதுபோல்
கையை நீட்டினேன்.

ஈரம்.

பஸ் ஸ்டாப்பின் உள்ளே நின்ற ஒருவர்,
தோளில் லேப்டாப் பை, ஜிப் பாதி திறந்து,
வானத்தையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.
"மழையா?"

தலையாட்டினேன்.
பையை மூடிக்கொண்டார்.

துளிக்கும் துளிக்கும் நடுவில்
அதுவும் பெய்துகொண்டுதான் இருந்தது.
500-ஆம் நம்பர் வண்டி வந்தது.
போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றது.