ஈரப்பதம் பதினேழு

டிசம்பர் முப்பது. கோரையாறு கரைதொட்டு ஓடுகிறது.
கொள்முதல் நிலையம் பூட்டிக் கிடக்கிறது;
சம்பா இப்போதுதான் பால்பிடிக்கிறது.
தார்ப்பாய் மடிப்புக்குள் ஒரு தவளை,
பருவகால எழுத்தரான என்னைவிட
நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது.

பழைய பட்டியல் புத்தகத்தின் பின்பக்கங்களில்
இந்த வருஷம் படித்ததையெல்லாம் பதிந்திருக்கிறேன்:
எண், தேதி, பக்கம், ஈரப்பதம்.
விளையாட்டாக ஆரம்பித்தது.
நெல்லை அப்படித்தான் வாங்குகிறோம்.
பதினேழைத் தாண்டினால்
காயவைத்து எடுத்துவாருங்கள் என்று சொல்ல வேண்டும்.
சொல்கிறவள் நான்.

தை, மாசி இரண்டு மாதமும் ஒரே நாவல்.
சாக்கு தைக்கிற சத்தத்துக்கும்
லாரி வராத இரவுகளுக்கும் நடுவே எழுநூறு பக்கம்.
அதில் ஒரு கப்பல் கடைசிவரை
துறைமுகத்தைவிட்டுக் கிளம்பவே இல்லை.
எங்கள் மூட்டைகளும்தான்.
பதினான்கு போட்டிருக்கிறேன்,
கொஞ்சம் தாராளமாகவே.

சித்திரையில் வேலை இல்லை, சம்பளமும் இல்லை.
மன்னார்குடி நூலகத்தில் ஓடுகிற ஒரே மின்விசிறிக்குக் கீழே
கவிதைத் தொகுப்புகள் ஒன்பது.
ஆறு, தூற்றினால் காற்றோடு போய்விடும்.
இரண்டு பரவாயில்லை.
ஒன்றைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை;
ஆடிப்பெருக்குவரை வைத்திருந்து தண்டம் கட்டினேன்.
இன்னும் ஒரு வாரம் வைத்திருந்திருக்கலாம்.

வைகாசியில், பிள்ளையை இழந்த ஒருத்தியின் நாட்குறிப்பு.
நாற்பதாம் பக்கத்தில் மூடிவிட்டேன்.
ஈரப்பதம் இருபத்துநான்கு.
பக்கத்திலேயே சின்ன எழுத்தில்:
‘தள்ளுபடி இல்லை.
என்னிடம்தான் வெயில் போதவில்லை.’

வாய்க்காலில் புதுத்தண்ணீர் நுரையோடு வந்த அன்று
கூத்தாநல்லூர் பழைய பேப்பர் கடையில்
எடைக்கு வாங்கியது அடுத்தது.
அட்டை இல்லை. பெயர் இல்லை.
பதினேழாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது.
பரிசல் ஓட்டும் ஒருத்தி;
யாரோ கொடுத்துவிட்டுப் போன பெட்டி;
இருபது வருஷம் திறக்காமல் சுமக்கிறாள்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில்
பூட்டுக்குள் சாவி நுழைகிறது.
அப்புறம் தாளே இல்லை.

ஐப்பசி மழையில் குறுவை நெல்லோடு
பக்கிரிசாமி ஐந்து நாள் காத்திருந்தார்.
என் வயதுதான் இருக்கும்.
காலையில் மீட்டர் வைப்பேன்: பத்தொன்பது.
மறுநாள் இருபது. அதற்கு மறுநாள்
நான் எண்ணைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.
ராத்திரி தூக்கம் வரவில்லை,
படிக்க ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்றார்.
கையில் அதுதான் இருந்தது.

ஆறாம் நாள் தளர்வு ஆணை வந்தது.
இருபத்திரண்டுவரை வாங்கலாமாம்.
அதே நெல், அதே ஈரம், அதே நான்;
ஒரு தாள் வந்ததும் வாங்கினேன்.

புத்தகம் வைக்கோல் வாடையோடு
இரண்டு மடங்கு உப்பித் திரும்பி வந்தது.
‘பெட்டியில் ஒன்றும் இல்லைங்க’ என்றார்,
தானே திறந்து பார்த்தவர் மாதிரி.
மூட்டை தூக்கும் குணவதி ஒத்துக்கொள்ளவில்லை:
‘வெறும்பெட்டியை எவளாவது இருபது வருஷம் சுமப்பாளா?
கனம் தெரியாதா அவளுக்கு?’
அன்று லாரி கிளம்ப ஒரு மணி நேரம் தாமதம்.
பதிவேட்டில் காரணம்: மழை.

வருஷத்தின் நல்ல புத்தகம் எது என்று
யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை.
கேட்டால் பெயர்கூடச் சொல்ல முடியாது.
அதற்கு நேரே எண் போடவில்லை.
நூற்றுநாற்பதாம் பக்க இடுக்கில்
ஒரு நெல் முளைவிட்டுக் காய்ந்திருக்கிறது;
வெள்ளை வேர், ஒரு வரியின்மேல் கோடு போட்டதுபோல.
அந்த வரி ஒன்றும் பெரிய வரி இல்லை.
‘அக்கரையில் விளக்கு ஏற்றியாயிற்று’, அவ்வளவுதான்.

தை பிறந்து நிலையம் திறந்ததும் வருவார்.
போகும்போதே சொல்லிவிட்டுத்தான் போனார்:
‘அடுத்த தடவை முடிவு இருக்கிறதா என்று
பார்த்துக் கொடுங்கள்.’
தேடிக்கொண்டிருக்கிறேன்.