இரண்டாவது மூன்றேகால்

நேரம் என்ற தொகுதிக்குப்
பதினோரு ஆண்டுகளாய் இருந்த விளக்கம்
இரண்டே சொல்:
நேரத்தைத் தரும்.

எந்த நேரத்தை, யாருடைய நேரத்தை,
சுவர்க் கடிகாரம் காட்டுவதையா
இயந்திரம் கண்விழித்தது முதல் எண்ணிவருவதையா,
மூச்சு இல்லை.

லியெபாயாவில் கடைசி டிராம் திரும்பும் முனையில்
வெல்காவின் ரொட்டிக்கூடம்.
அக்டோபர் கடைசி ஞாயிறு
நான்கைத் தொட்ட கடிகாரம்
சட்டப்படி மூன்றுக்குத் திரும்பியது.
மூன்றேகாலுக்கு ரை மாவைப் பிசையச் சொல்லி
அவள் மகன் எழுதிவைத்த பன்னிரண்டு வரி நிரல்
சொன்ன சொல் தவறாமல்
மூன்றேகாலுக்குப் பிசைந்தது.
மறுபடி வந்த மூன்றேகாலுக்கு
மறுபடி மாவைக் கொட்டிப் பிசைந்தது.

தொட்டி நிரம்பி, விளிம்பு வழிந்து,
தரையில் இறங்கி
வாசல்வரை வந்து எட்டிப் பார்த்ததாம் மாவு.
சிரித்துக்கொண்டேதான் எழுதியிருந்தாள்.
கடைசி வரியில் மட்டும் சிரிப்பில்லை:
"ஏவால்ட்ஸ் உங்கள் விளக்கத்தை மூன்று முறை படித்தான்.
தனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை என்று நினைக்கிறான்."

"அது தெரிந்ததுதானே" என்றான் ஓயார்ஸ்,
அந்தத் தொகுதியை எழுதியவன்.

தெரிந்தது.
இந்த ஒரு சொல்லை நம்பி
எத்தனை பக்கங்களைக் காலியாக விட்டிருக்கிறோம்.
நானும்தான்.
கோப்புத் தொகுதியில்
'வழக்கம்போல் இயங்கும்' என்று எழுதியது இந்தக் கை.
யார் வழக்கம் என்று
இன்றுவரை எனக்கே தெரியாது.

மூன்று இரவு.
வென்ட்ஸ்பில்ஸ் துறைமுகக் காற்று ஜன்னலை அறைய
அரைப் பக்கம் எழுதினேன்.
முதலில், கோடைநேரம் வந்த வரலாறு;
அழித்தேன்.
பிறகு, நான் விவரம் தெரிந்தவன் என்று காட்டும் ஒரு பத்தி;
அதை அழிக்க இன்னும் கொஞ்சம் நேரமானது.
'வெறுமனே', 'எளிதாக':
பல்லிடுக்கில் மாட்டிய நார்போல
நாக்கு போய்ப் போய்த் தொட்டுவந்த சொற்கள்.
அவையும் போயின.

மிஞ்சியது இவ்வளவு:

இது உள்ளூர்க் கடிகாரத்தின் நேரம்.
ஆண்டில் ஓர் இரவு, ஒரு மணி இரண்டு தடவை வரலாம்.
வேறோர் இரவு, ஒரு மணி வராமலே போகலாம்.
ஒருமுறை மட்டும் நடக்கவேண்டிய வேலைக்கு
உலகநேரத்தைக் கேளுங்கள்.

கீழே ஓர் எடுத்துக்காட்டு:
மாவு, தொட்டி, மூன்றேகால்.

ஓயார்ஸ் ஒரு காற்புள்ளியை நகர்த்தினான்.
தொட்டி எதற்கு என்று கேட்டான்.
மாவுக்கு என்றேன்.
இரண்டு நாள் பதில் இல்லை.
மூன்றாம் நாள் ஒப்புதல் வந்தது,
கூடவே அவனே ஓட்டிப் பார்த்துச் சேர்த்த ஒரு வரி:
பிப்ரவரி முப்பது என்று கொடுத்தால்
சில ஆண்டுகளில் மார்ச் ஒன்று, சில ஆண்டுகளில் இரண்டு என்கிறது.
இதை நான் திட்டமிடவில்லை.

திருத்தும் வேலைதான் என்னுடையது.
அந்த வரியை மட்டும் தொடவில்லை.

மார்ச் கடைசி ஞாயிறு,
மூன்றேகால் என்பதே வராத இரவு,
லியெபாயாவில் மாவு ஒருமுறை பிசைந்தது.
விடிந்ததும் ஏவால்ட்ஸிடமிருந்து ஒரு குறிப்பு;
நன்றி, வணக்கம் எதுவும் இல்லை:

"எடுத்துக்காட்டு, நான்காம் வரி.
அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டீர்கள்."

போய்ப் பார்த்தேன்.
திறந்தே கிடந்தது.