மயிரிழைக் கொப்பி

காலை ஆறு இருபது. டூங்காபியில் இன்னும் விடியவில்லை.
யூட்டின் மூக்கில் தாளை விரித்து எழுதுகிறேன்.
வேலை: பீலி துப்புரவு, இரண்டு தட்டு வீடு.
ஆபத்து: உயரம், ஈரம், மின்கம்பி, வெயில்.
பொறுப்பு:
அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதி எழுதியே
பேனாவுக்குப் பாடமாகிவிட்டது.

மூன்று பேர் கொண்ட கம்பனி.
முதலாளி நான், கணக்கெழுதுபவன் நான்,
ஏணிகளுக்கு இலக்கம் ஒட்டுபவனும் நான்.
ஜசிந்தா மன்னார்க்காரி. குளோரின் கலப்பவள்.
கண்ணாடியை நெற்றியில் வைக்காதே, கண்ணில் போடு
என்று நான் வாய் திறக்க முன்னம்
போட்டிருப்பாள்.
சியோனே கையில் பிரஷர் குழல்
ஆட்டுக்குட்டி மாதிரி அடங்கும்.
ஒருநாள் அடங்கவில்லை.
தண்ணீர் அவன் சப்பாத்தைக் கத்தி போல் கிழித்தது.
பெருவிரல் தப்பியது.
பிறகுதான் இரும்பு மூக்குச் சப்பாத்து வாங்கினேன்.

பிறகுதான்.
இந்தச் சொல்லோடு எனக்குக் கொஞ்ச நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

இந்தக் கொப்பியும் அன்றைக்கு வாங்கியதே.
விழுந்ததை எழுத அரசாங்கப் படிவம் இருக்கிறது,
விழப் பார்த்ததை எழுத இது.
பெயர் போடாமலும் எழுதலாம், ஒருவரையும் ஏசமாட்டேன்
என்று யூட்டின் கதவுப் பையில் செருகி வைத்தேன்.
எட்டு மாதம். ஒரு வரி இல்லை.
ஒன்றில் நாங்கள் மகா கவனம்,
இல்லாவிட்டால் அவர்களுக்கு என்னில் பயம்.
முதலாவதை நம்பிக்கொண்டேன், மலிவாக இருந்தது.

நேற்று காசல் ஹில். முப்பத்தெட்டுப் பாகை.
இருவரையும் நிழலில் இருத்தி
தண்ணீர் குடியுங்கள், இருபது நிமிடம் அசையக்கூடாது என்றேன்.
ஒரு மூலைதான் மிச்சம்.
வீட்டுக்காரி ஹாலோரன் கதவடியில் நின்று
மணிக்கூட்டைப் பார்க்கிறாள். நாலு மணிக்கு விருந்தாம்.
பட்டியைக் கொழுவ ஐந்து நிமிடம்,
கழற்ற ஐந்து நிமிடம்.
ஒரு பிடி யூகலிப்டஸ் சருகுக்கா என்று
உள்ளே யாரோ கேட்டார்கள்.
குரல் என்னுடையது மாதிரியே இருந்தது.
ஏறினேன்.

ஏணி ஒரு விரற்கடை வழுக்கியது.
அவ்வளவுதான்.
வயிற்றுக்குள் ஒரு லிஃப்ட் அறுந்து போனது.
கைக்குப் பீலி அகப்பட்டது,
பீலியோடு, நான் அள்ள வந்த சருகும்.

இறங்கி வந்து “என்ன வெயிலப்பா” என்றேன்.
சியோனே எழுந்துபோய் ஏணியின் காலைத்
தன் காலால் தட்டிப் பார்த்தான்.
ஜசிந்தா போத்தலின் மூடியை
மெல்லத் திருகினாள், நெடுநேரம்.
ஹாலோரன் பத்து டொலர் கூடத் தந்தாள்.

இன்று பேனை தேடிக் கதவுப் பைக்குள் கைவிட்டேன்.
முதல் பக்கம். ஜசிந்தாவின் குண்டுக் குண்டு எழுத்து.

செவ்வாய், 12.40.
ஏறியவர்: முதலாளி.
பட்டி: யூட்டில் இருந்தது.
ஏணி: நாங்கள் கழுவி ஈரமாக்கிய சீமெந்தில்.
பிடித்தவர்: ஒருவரும் இல்லை. எங்களைக் கூப்பிடவில்லை.
காரணம்: அவசரம். யாருடையது என்று தெரியவில்லை.
கண்டவர்கள்: இரண்டு பேர்.
இனிச் செய்ய வேண்டியது:

அதற்குப் பிறகு வெறுமை.
கீழே சியோனேயின் கையெழுத்து, பாதிப் பக்கத்துக்கு.

முதலில் வந்த எண்ணத்தை மறைக்கப் போவதில்லை:
நான் வாங்கிய கொப்பி, நான் கொடுக்கும் சம்பளம்.
இரண்டாவது எண்ணம்
அடுத்த சிக்னலில் மாட்டிக்கொண்ட வாகனம் போலத்
தாமதித்து வந்தது.
இவள் என் மனைவிக்கு ஒரு தொலைபேசி அழைப்பை
மிச்சம் பிடித்துத் தரப் பார்க்கிறாள்.

வெறுமையில் நாலு வரி எழுதினேன்.
“இனிமேல் அனைவரும்” என்று தொடங்கியிருந்தது.
அனைவரும் ஏறவில்லையே.
வெட்டினேன்.

கராஜ் கதவு திறக்கிற சத்தம்.
ஜசிந்தா தொப்பியோடு வருகிறாள்,
மூக்கில் வெள்ளைக் களிம்பு.
கொப்பி என் கையில் இருப்பதைக் கண்டும்
காணாத முகம்.
நான் பட்டியை எடுத்து மாட்டுகிறேன்,
வீட்டு வாசலிலேயே, ஏணி இன்னும் இறக்காமலே.
அவள் பின்னால் வந்து
தோள் வாரை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறாள்.

“இன்னும் ஒரு துளை” என்கிறாள்.