கேள்வி பதினேழு

ஈசூனில் ஒரு மூவறை வீடு, நாலாவது மாடி.
ஆணி அடிக்க அனுமதி இல்லை.
இரட்டைப் பக்க ஒட்டுநாடாவில் தொங்குகிறது
சோப்புக்கட்டி அளவில் எங்கள் வெப்பமானி.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
கென்ட் ரிட்ஜ் கணினிக்கு ஒரு தசம எண்ணைச் சொல்லிவிட்டுச்
சும்மா இருக்கும்.

சும்மா இருக்க முடியாதது எனக்குத்தான்.
மணிக்குப் பதினாறு வெள்ளி.
தமிழில் கேட்க வேண்டும், ஆங்கிலத்தில் ஏற்ற வேண்டும்.
கேள்வி பதினேழு:
நேற்றிரவு உங்கள் படுக்கையறையில் வெப்பம்
ஒன்றிலிருந்து ஐந்துவரை எவ்வளவு?

மடித்துக்கொண்டிருந்த சீருடைச் சட்டையைக் கீழே வைத்தார்
அற்புதமேரி.
உணவங்காடியில் தட்டு எடுப்பவர், காலை ஷிப்ட்.
"வெக்கைய கேக்குறியா, புழுக்கத்தையா?"

ஒன்றிலிருந்து ஐந்துவரை, அக்கா.

"வெக்கை அடுப்புக் கடைப் பக்கம். அதுக்குச் சம்பளம் உண்டு.
கார்பார்க் தரையிலேர்ந்து ஏறுறது அனல்.
நேத்து ராத்திரி புழுக்கம்.
மழை வரேன் வரேன்னுட்டு
மேல நின்னு வேடிக்கை பாத்துச்சுல்ல, அது."

நாலு என்று குறித்தேன்.
அழித்து மூன்று.
பிறகு கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்,
சின்னதாக: புழுக்கம்.

புதன்கிழமைக் கூட்டம்.
வெப்பத்தை ஆராயும் அறையில் பத்தொன்பது டிகிரி.
சமூகவியல் ஹஃபீசா சால்வைக்குள் இருக்கிறார்.
பொறியியல் டாக்டர் கோ கோடு ஒன்றைச் சுட்டுகிறார்:
இரவு இரண்டு மணி, இருபத்தெட்டரை.
பெரிய சூடு ஒன்றுமில்லை.
நீங்கள் போன வீடுகளில் மட்டும் ஏன் எல்லாரும் நாலு, ஐந்து?
மிகைப்படுத்துகிறார்களா?
கேலி இல்லை அந்தக் குரலில்.
ஓர் எண் இன்னோர் எண்ணோடு பேச மறுத்தால்
அவருக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

தாள்களின் ஓரத்தைக் காட்டினேன்.
பதினொரு தாளில் ஒரே சொல்.
என் கையெழுத்து, பல பேர் வாய்.

ஹஃபீசா தன் கட்டைப் புரட்டினார்.
பெங்காப், என்றார். பெங்காப். இதோ இதிலும் பெங்காப்.
டாக்டர் கோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
அம்மா ஹொக்கியனில் ஒன்று சொல்வார்,
ஹிப், மூடி போட்ட பானை மாதிரி,
என்று கையால் மூடிக் காட்டினார்.
வெறுங்காற்றில் ஒரு பானை கொஞ்ச நேரம் நின்றது.

அன்று மாலைதான்
ஈரப்பதக் கோப்பு திறக்கப்பட்டது.
ஆறு மாதமாக வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.
கேட்க ஆளில்லை.
தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று மூன்று,
காற்றின் வேகம் பூச்சியம், பூச்சியம்,
பூச்சியம்.

இதை வெற்றி என்று எழுதிவிடலாம்தான்.
ஆனால் கிராஞ்சி விடுதியில் மதலைமுத்துவின் தாள் இருக்கிறது.
ஓர் அறையில் பன்னிரண்டு கட்டில்,
சட்டையின் முதுகில் உப்பு உலர்ந்து வெள்ளையாய் ஒரு தீவு.
கேள்வியை முடிக்கும் முன்பே
கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"ஒண்ணு. ஒண்ணுன்னே போட்டுக்குங்க, மேடம்."
ஒன்று என்றே போட்டேன்.
அந்த ஒன்றுக்கு மலாயில் என்ன, ஹொக்கியனில் என்ன,
கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை.
நானும் எடுத்து வைக்கவில்லை.

இரண்டாம் சுற்றுக்குக் கேள்வித்தாள் திருத்தப்பட்டது.
பதினேழு, அ: புழுக்கம் இருந்ததா?
ஆம், இல்லை.
நெறிமுறைக் குழு ஒப்புதலுக்கே ஏழு வாரம்.

"ஓ, போட்டுட்டீங்களா!" என்று சிரித்தார் அற்புதமேரி.
"ஆமான்னு எழுது. எழுதுனா என்ன வரும்?"
அறிக்கை வரும், அக்கா.
"அதுலேர்ந்து காத்து வருமா?"
ஒப்புதல் படிவத்தை எடுத்து
முகத்துக்கு நேராக இரண்டு தடவை வீசிப் பார்த்தார்.
"பரவால்ல, கெட்டித் தாளு."

கேள்வி பதினெட்டு.
வீட்டில் சன்னல்கள் எத்தனை?
"மூணு."
திறப்பவை?
கொஞ்சம் யோசித்தார்.
"எதிர் புளோக் கட்டுறதுக்கு முன்னாடியா,
பின்னாடியா?"