உரியவர் வரும்வரை

லியெபாயா நகரத்தில் ஒரே ஒரு டிராம் தடம்.
அதில் மறந்துபோனதெல்லாம்
என் மேசைக்கு வந்து சேரும்:
குடை, ஒற்றைக் கையுறை, வயலின் வில்,
ஒருமுறை பல்செட்,
ஒருமுறை வாளியோடு, உயிரோடு, ஒரு விலாங்கு.
ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதுவேன்.
தேதி, நேரம், கிடைத்த இடம், நிலை.
பதினோரு வருடத்தில்
ஒரு சீட்டும் தப்பானதில்லை.

வீட்டில் மட்டும்
எனக்கு ஞாபகமறதி.

"நான் அப்படிச் சொல்லவே இல்லை, விஸ்மா."
உல்டிஸ் குரலை உயர்த்த மாட்டார்.
கம்பு ரொட்டியில் வெண்ணெய் தடவும் அதே நிதானம்.
சனிக்கிழமை உன் அக்கா வரட்டும் என்றவர்
சனிக்கிழமை அவளை வாசலில் பார்த்துவிட்டு
என் பக்கம் திரும்பி, மெதுவாக,
"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."
ஸார்மித்தே கையில் கேக்கோடு நின்றாள்.
நான் மன்னிப்புக் கேட்டேன்.
யாரிடம் என்று இன்னும் தெரியவில்லை.

பிறகு மௌனம் வரும்.
நான்கு நாள். ஒன்பது நாள்.
பிப்ரவரியில் ஒருமுறை பத்தொன்பது நாள்.
நாயிடம் பேசுவார்.
வானிலை வாசிப்பவளுக்குப் பதில் சொல்வார்.
என் தட்டு மேசையில் இருக்கும்,
நான் இருக்க மாட்டேன்.
பத்தொன்பதாம் நாள், "உப்பு" என்றார்.
அந்த ஒற்றைச் சொல்லுக்காக
குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு
அழுதேன், நன்றியில்.
வெட்கமாக இருக்கிறது இதை எழுத.

அவர் அடித்ததில்லை.
அதைத்தான் எல்லோரிடமும் சொல்வேன்,
யாரும் கேட்காதபோதே.

அவர் பெயர்நாளன்று
அழைக்காமலே ஆட்கள் வருவது இங்கே வழக்கம்.
கோப்பையை உயர்த்திச் சொன்னார்:
"தொலைந்த சாமான்களைக் காக்கிறாள் என் மனைவி.
இவளையும்தான் யாரும் தேடி வரவில்லை.
போகட்டும் என்று நான் எடுத்துக்கொண்டேன்."
சிரிப்பு.
முதலில், எல்லோரையும்விடச் சத்தமாக,
சிரித்தது நான்.

டிராம் ஓட்டும் ஜிந்த்ரா மட்டும்
முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

மறுநாள் ஒரு குழந்தையின் ரப்பர் பூட்ஸோடு
என் மேசைக்கு வந்தாள்.
"நேற்று அவன் சொன்னது
எனக்கும் கேட்டது" என்றாள்.
அவ்வளவுதான். வண்டிக்கு நேரமாகிவிட்டது.

எனக்கும் கேட்டது.

பூட்ஸுக்குச் சீட்டு எழுதினேன்.
அடுத்த சீட்டில்:
நேரம் இரவு எட்டு இருபது. இடம், எங்கள் வரவேற்பறை.
பொருள், ஒரு வாக்கியம்.
நிலை, சிதையாதது, முனை கூர்.

கையுறைப் பெட்டிக்கு அடியில் சேர்ந்துகொண்டே போயின.
பனி உருகி பிர்ச் மரச் சாறு இறங்கும்போது
நாற்பத்தாறு.
ஒரு மதியம் வரிசையாக அடுக்கிப் படித்தேன்.
ஒவ்வொரு மௌனத்துக்கும் முந்தின நாள்
எனக்கு ஏதோ நல்லது நடந்திருந்தது.
சம்பள உயர்வு. அக்காவின் போன்.
ஒருமுறை, வெறுமனே, பாடிக்கொண்டே
துணி மடித்திருக்கிறேன்.
மழை என்று நினைத்து நனைந்துகொண்டிருந்தேன்.
அது குழாய்.
திருகுவதற்கு ஒரு கை இருந்தது.

"நான் அப்படிச் சொல்லவே இல்லை."
"சொன்னாய்" என்றேன்.
பீட்ரூட்டைத் தோல் சீவிக்கொண்டே.
அவன் காத்திருந்தான்,
வழக்கமாக அடுத்து வரும் மன்னிப்புக்கு.
கை சிவந்திருந்தது, பீட்ரூட்டால்தான்.
சீவி முடித்தேன்.

ஸார்மித்தே வீட்டில்
ஜன்னல் திறக்க இன்னும் அனுமதி கேட்கிறேன்.
ஸ்பூன் விழுந்தால் பதறுகிறேன்.
"ஸ்பூன்தானே" என்கிறாள் அவள், ஒவ்வொரு முறையும்
முதல்முறை போல.

ஜூனில் ஒரு காலை
வரிசையில் நின்றான் அவன்.
"எதைத் தொலைத்தீர்கள்?" என்றேன்,
எல்லோரையும் கேட்பதுபோல.
படிவத்தை நீட்டினேன்.
சிரித்தபடி எழுதினான்: மனைவி.
அதற்குக் கீழே, அடையாளங்கள் என்ற இடத்தில்
பேனா நின்றது.
நான் காத்திருந்தேன். விதிப்படி.
பின்னால் ஒரு கிழவர் இருமினார்,
ஊன்றுகோல் தேடி வந்தவர்.
"அடுத்தவர்" என்றேன்.

ஊன்றுகோலை எடுத்துக் கொடுக்கும்போது
கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.
கையெழுத்து மட்டும் ஒழுங்காக விழுந்தது.