பாசிக்குடா, கிழக்குப் பார்த்து

சூரியன் கடலுக்குள் இறங்க வேண்டும் என்று
சூரிச்சிலிருந்து எழுதியிருந்தார்கள்.
மாதிரிக்கு அனுப்பிய படத்தில்
அது இறங்கிக்கொண்டுதான் இருந்தது,
பாலித் தீவிலோ எங்கேயோ.
இங்கே ஏறும் மட்டும்தான், என்று பதில் போட்டேன்.
இறங்குவது எங்கள் முதுகுப் பக்கம்,
ஹோட்டலின் தண்ணீர்த் தாங்கிக்கும்
வாழைச்சேனைக் கடதாசி ஆலைக்கும் அப்பால்.
விடிய ஐந்தே முக்காலுக்குக் கரையில் நிற்க வேணும்.
பொம்பிளையின் மேக்கப் இரண்டு மணிக்குத் தொடங்க வேணும்.
ஒரு நாள் முழுக்கப் பதிலில்லை.
பிறகு ஒரு பெருவிரல் மட்டும் வந்தது.

கலியாணம் முந்தின நாளே மண்டபத்தில் முடிந்திருந்தது.
முடிந்த கலியாணத்தை இன்னொரு தரம் உடுத்திக்கொண்டு
புல்வெளியால் வந்தார்கள்,
கூறைச் சேலையின் கரையில் பனி நனைய.
தங்கத்துக்கு வெளிச்சம் அளந்தால் முகம் கறுக்கும்.
முகத்துக்கு அளந்தால் தாலிக்கொடி வெள்ளையாய் வெடிக்கும்.
இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ
ஒரு கலியாணம் இருக்கிறது.
டிலக்சன் வெள்ளித் தட்டியைச் சரித்துப் பிடித்தான்.

இருபத்துமூன்று பேர். உயரமானவர்கள் பின்னுக்கு.
எல்லாரும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.
ஒரு ஆள் மட்டும் எனக்கு.
பொம்பிளையின் தாய், இராசமலர்.
நீலப் பட்டு, கொண்டையில் நேற்றைய மல்லிகை.

"அன்ரி, கொஞ்சம் கிறுகி நில்லுங்க."
கிறுகினார்.
கமராவைக் கண்ணுக்கு உயர்த்துவதற்குள்
திரும்பவும் கிறுகியிருந்தார்.
மூன்று தரம்.
மாப்பிளையின் சித்தப்பா ஜெர்மனில் ஏதோ பகிடி விட்டார்.
பிள்ளைகள் சிரித்தார்கள்.
யதுர்ஷா சிரிக்கவில்லை.
"அம்மாவுக்கு ஏலாது," என்றாள். "சொல்ல நினைச்சு மறந்திட்டன்."

என்ன ஏலாது என்று நான் கேட்கவில்லை.
கல்குடாவில் பிறந்தவள். இந்தக் கரையில்
அந்தக் கேள்வியை வெளியூர்க்காரர்தான் கேட்பார்கள்.

முற்பணம் கடலுக்காகத்தான் தந்தது.
நல்ல வெளிச்சம் இன்னும் பதினொரு நிமிடம்.
செருப்பைக் கழற்றினேன்.

பாசிக்குடாவில் கடல் அவசரப்படாது,
நடந்துகொண்டே போகலாம், முழங்கால்தான் நனையும்.
முப்பதடி உள்ளே போய்த் திரும்பி நின்று
"எல்லாரும் அம்மா பாக்கிற பக்கம் கிறுகுங்க" என்று கத்தினேன்.

கிறுகினார்கள்.
இப்போது பின்னணியில்
அடுக்கி வைத்த சாய்கதிரைகள்,
துவாய் வண்டில் தள்ளும் பொடியன்,
சமையலறைப் புகைபோக்கி.
வெயில் நேரே முகத்தில். இருபத்துமூன்று பேரும்
கண்ணைச் சுருக்கினார்கள். எந்தப் பாடத்திலும்
செய்யாதே என்று எழுதியிருக்கும் படம்.

அப்போதுதான் அவர் என்னைக் கூப்பிட்டார்,
வரிசையிலிருந்து, சத்தமாய்:
"நீங்க எடுங்க மனே.
உங்கட பின்பக்கத்த நான் பாத்துக்கு நிக்கன்."

நாற்பத்தொரு படம்.

இரவு கணினியில் பெருப்பித்துப் பார்த்தேன்.
மாப்பிளையின் தகப்பன் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியில்
அவர்கள் காசு கொடுத்த கடல் முழுதாய் இருந்தது,
இரண்டு தரம், ஒரு நகத்தளவு.
நடுவில் காலை அகட்டி நிற்கும் கறுப்புப் புள்ளி நான்.

இராசமலர் ஒன்றிலும் என்னைப் பார்க்கவில்லை.
என் இடது தோளுக்கு மேலால்,
சின்னப் பிள்ளையைக் குளிக்க விட்டவர் பார்ப்பதுபோல.

சூரிச்சிலிருந்து கேட்டார்கள்:
அம்மா கமராவைப் பார்க்கிற படம் ஒன்றிலிருந்து
கண்ணை மட்டும் எடுத்து ஒட்டலாமா?
இப்போது அது பெரிய வேலையில்லை.
அப்படி ஒரு படம் இல்லை, என்று எழுதினேன்.

இந்த முறை பெருவிரல் வரவில்லை.